குட்டிக்குயிலின் ருது சாதகம்

சண்டிலிப்பாய்
12.01.2025

பிள்ளை ஆரணி,

இந்தக் கடிதத்தை உன்ரை பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுறன். விலாசம் தந்தது வித்தியா. அவளை ஏசாதை. உன்ரை சினேகிதிதான், ஆனால் நான் ரண்டு நாள் அவளின்ரை வீட்டுப் படலையிலை போய் நிண்டால் அவளும் என்ன செய்வாள்? நீ போன் நம்பரை மாத்தி ஆறு மாதம் தாண்டிப் போச்சு. பெத்தவள் உயிரோடை இருக்கிறாளோ, செத்துப் போனாளோ எண்டு அட்டன் மலையிலை இருந்து ஒரு சொல்லுக் கேக்க உனக்கு மனம் வரேல்லை. எனக்கு எழுத்துத் தமிழ் வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதுறன். ரீச்சர் அம்மா சிவப்புப் பேனையை வைச்சிட்டு வாசிக்கவும்.

விசயத்துக்கு வாறன். கொடிகாமத்திலை இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பெடியன்ரை பேர் தனோஜன். வங்கியிலை வேலை, குடி வெறி ஒண்டும் இல்லை. படத்தை உள்ளுக்கை வைச்சிருக்கிறன். பிறந்த சாதகம் நல்லாப் பொருந்துது. ஆனால் பெடியன்ரை தாய் பழைய ஆள். ருது சாதகமும் பாக்க வேணும், பிள்ளை பெரியபிள்ளையான நாளும் நேரமும் தாங்கோ எண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறா. நான் ஊருக்குச் சொன்ன நாளைத்தான் குடுத்தன், 2013 புரட்டாதி. வேறை என்னத்தைக் குடுக்கிறது? அவையின்ரை சாத்திரியார் பாத்திட்டு, இது மாங்கல்யத்துக்குக் கூடாது எண்டு சொல்லிப்போட்டாராம்.

அது பொய் நாள் எண்டு உலகத்திலை ரண்டு பேருக்குத்தான் தெரியும். உனக்கும் எனக்கும். உண்மையாய் வந்தது அதுக்கு முதல் வருசம், அரியாலை அம்மன் கோயில் திருவிழாவோடை. திகதி எனக்கு மறந்து போச்சு. நீ எல்லாத்தையும் மனத்துக்கை பூட்டி வைக்கிறவள், உனக்குத் தெரிஞ்சிருக்கும். நாளையும் நேரத்தையும் எழுதி அனுப்பு. நான் வருசத்தை மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு அந்த மனிசியைச் சமாளிப்பன்.

கொப்பரின்ரை ஆனித் திவசத்திலை நான் சொன்னதை நீ இன்னும் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய் எண்டு தெரியும். கோவத்திலை வாய் என்னத்தையும் சொல்லும். அதை விடு. நாளையிண்டைக்குப் பொங்கல். கெதியாப் பதில் போடு.

அம்மா


அட்டன்
27.01.2025

அம்மா,

உங்கள் கடிதம் அதிபரின் மேசையில் மூன்று நாள் கிடந்து என் கைக்கு வந்தது. படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். தனோஜன் நல்லவராகவே இருக்கட்டும்.

'திவசத்திலை சொன்னது' என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன். அப்பாவின் படையலுக்கு முன்னால், மாமா குடும்பமும் சித்தி குடும்பமும் இலைக்கு முன் இருக்கும்போது, பாயாசத்தில் சீனி கூடிப்போச்சு என்று நான் சொன்னேன். அதற்கு நீங்கள், "வாய் காட்டாதை. உன்னாலைதான் அந்த மனிசன் போனது" என்றீர்கள். அவர்கள் யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

பதினொரு வயதிலிருந்து நான் போட்டுக்கொண்டிருந்த கணக்கு அதுதான். துடக்கோடு, அந்தத் தீட்டோடு, அம்மன் கோயில் வீதியில், அப்பாவின் பொன்னொலி இசைக்குழு மேடையில் ஏறி நின்று பாடினேன். இருபத்திரண்டாம் நாள் அப்பா போய்விட்டார். ஒரு பிள்ளை இதை வேறு எப்படிக் கூட்டிப் பார்க்கும்? யாரிடமும் கேட்கவும் முடியாது. ஏனென்றால் ஊரைப் பொறுத்தவரை நான் பெரியபிள்ளையே ஆகவில்லை. அறிவிப்பாளர் மாமா ஒவ்வொரு மேடையிலும் 'எட்டே வயதான குட்டிக்குயில் ஆரணி' என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று வருடமும் எட்டே வயதுதான்.

வளர்ந்த பிறகு, இது மூடத்தனம் என்று எனக்கு நானே சொல்லி ஒருமாதிரி ஆறியிருந்தேன். அந்தத் திவசத்தில்தான் தெரிந்தது, நீங்களும் இத்தனை வருடமும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று.

திகதி எனக்குத் தெரியும். நேரமும் தெரியும். தருகிறேன். அதற்கு முன் நீங்கள் ஒரு வசனம் எழுத வேண்டும். 'அப்பா செத்தது உன்னாலை இல்லை.' நாலே சொல். உங்கள் கையெழுத்தில், தாளில். வேறு ஒன்றும் வேண்டாம்.

அதுவரை திகதி என்னிடமே இருக்கட்டும்.

ஆரணி


சண்டிலிப்பாய்
09.02.2025

எடி ஆரணி,

பெத்த தாயோடை பேரம் பேசிற அளவுக்கு வளந்திட்டாய். நல்லம். மலைநாட்டுத் தண்ணி நல்லா வேலை செய்யுது.

நான் ஒண்டு கேக்கிறன். ஆர் உன்னை அடிச்சுப் பாட வைச்சது? மேடையிலை ஏத்தேல்லை எண்டால் நிலத்திலை உருண்டு அழுவாய். சனம் கை தட்டேக்கை உன்ரை முகம் எப்பிடி இருந்தது எண்டு நீ பாக்கேல்லை, நான் பாத்தனான். சண்டை முடிஞ்ச கையோடை கொப்பர் ஒரு கீபோர்ட்டும் ரண்டு ஸ்பீக்கரும் வைச்சுக் குழு தொடங்கேக்கை ஆர் எங்களைக் கூப்பிட்டது? ஒரு நாயும் கூப்பிடேல்லை. நீ ஒன்பது வயசிலை பச்சைப் பாவாடையோடை ஏறிப் பாடின பிறகுதான் கோயில்காறர் எங்கடை படலைக்கு வந்தவை. "குட்டிக்குயில் வருமோ?" எண்டுதான் கேட்டவை. கொப்பர் பொன்னம்பலம் வருவாரோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

அந்த வருசம் மட்டும் முப்பத்திரண்டு திருவிழா ஒத்துக்கொண்டிருந்தம். நீ பெரியபிள்ளை எண்டு வாய் திறந்தால் வீட்டுக்கை இருத்த வேணும், கோயில் பக்கம் கொண்டு போகேலாது. பேந்து சீலை கட்டின பிள்ளையைக் குட்டிக்குயில் எண்டு ஆர் கூப்பிடுவினம்? கொப்பருக்கும் நான் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் அந்த மனிசன் அண்டைக்கே வயரைச் சுருட்டி வைச்சிருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கேலாது எண்டு சொல்லுவினம். நான் பதினைஞ்சு மாதம் மறைச்சனான். அது லேசெண்டு நினைக்கிறியோ?

உனக்கு நான் என்னத்தைச் செய்யாமல் விட்டனான்? குழுவின்ரை வானுக்குப் பின்னாலை இருத்திப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்கினனான். கொப்பர் தோட்டத்துக்குப் போன நேரம் பாத்து உளுத்தங்களி கிண்டித் தந்தனான். பேந்து நீ பெரியபிள்ளை எண்டு ஊர் மெச்சத் தண்ணி வார்த்தனான், புருசன் இல்லாதவள் எண்டு ஒதுங்கி நிண்டுகொண்டு.

நடந்தது நடந்து போச்சு. திவசத்திலை நான் சொன்னது பிழைதான். இது காணாதோ? கொடிகாமத்துக்காறர் மாசி கடைசிக்குள்ளை முடிவு கேக்கினம்.

மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பார்சலிலை போட்டிருக்கிறன். மா பழசாகாமல் காய வைச்சு எடு.

அம்மா


அட்டன்
23.02.2025

அம்மா,

பார்சல் வந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். மிளகாய்த்தூள் வாசத்துக்குத் தோற்றுப்போனேன். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'பிழைதான்' என்பது நான் கேட்ட வசனம் இல்லை.

நீங்கள் பட்ட பாட்டை எழுதியிருக்கிறீர்கள். என்னுடையதையும் கேளுங்கள். அரியாலையில் மேடைக்குப் பின்னால், தென்னோலைக் கிடுகு மறைப்புக்குள், என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தீர்கள். என்ன பிள்ளை, நோகுதோ என்று கேட்கவில்லை. வெள்ளையை உருவி எறிந்து, துணி மடித்துக் கட்டி, சிவப்புச் சட்டையை மாட்டி, "மூச்சுக் காட்டாதை, போ" என்று தள்ளிவிட்டீர்கள். அம்மன் பாட்டு ஐந்து பாடினேன். கோயில் கதவு திறந்தே இருந்தது. உள்ளே பார்க்கப் பயந்து, சிதறுதேங்காய் அடிக்கும் கல்லைப் பார்த்துப் பாடினேன். அதற்குப் பிறகு மாதாமாதம் எனக்குச் சிவப்புச் சட்டைதான். 'குட்டிக்குயிலுக்குச் சிவப்பு நல்லா எடுக்கும்' என்று ஊர் சொன்னது.

மார்பை உங்கள் பழைய சீலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டுவீர்கள். மேலே பாட மூச்சு வராது. பன்னிரண்டு வயதில் கொஞ்சிக் கொஞ்சிக் கதைக்க வேண்டும், விரல் சூப்புகிற மாதிரி ஒருமுறை நடிக்கவும் சொன்னீர்கள். வகுப்புப் பெட்டைகள் ஒருத்தி ஒருத்தியாகச் சாமத்திய வீட்டு அல்பம் கொண்டுவந்து காட்டும்போது, எனக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வயிற்று நோவோடு இருந்தேன்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அடுத்த கிழமையே இணுவிலில் மேடை. ஒரு வருடம் முடிந்து ஆட்டைத் திவசம் வரைக்காவது பொறுத்திருக்கலாம். 'தகப்பனைப் பறிகொடுத்த குட்டிக்குயில்' என்று அறிவிப்பாளர் மாமா சொன்னார். சனம் எல்லாம் அழுதது. நான் அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் அதற்குத்தான் பேசினீர்கள், "நாலு சொட்டுக் கண்ணீர் விட்டால் என்ன குறைஞ்சு போகும்?" என்று.

இங்கே காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடும் பிள்ளை வராத நாட்களில் அதிபர் என்னைப் பார்ப்பார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பாட வராதோ என்று சிரிப்பார். வராது சேர் என்பேன்.

நாலு சொல், அம்மா.

ஆரணி


சண்டிலிப்பாய்
18.03.2025

ஆரணி,

உன்ரை கடிதத்தை எத்தினை தரம் வாசிச்சன் எண்டு தெரியாது. கொடிகாமத்துக்காறருக்குத் தவணை சொல்லி வைச்சிருக்கிறன். இது அவைக்காக எழுதிற கடிதம் இல்லை.

அந்த நாலு சொல்லையும் எழுதத்தான் ஒவ்வொரு தரமும் பேனையை எடுக்கிறன். அதை எழுதினால் அடுத்த வசனமும் எழுத வேணும். அதுதான் கை வரேல்லை.

எனக்குத் திகதி மறக்கேல்லை, மோனை. 2012 யூன் பதினாறு, சனிக்கிழமை, பின்னேரம் ஆறு இருபது. மறைப்புக்கை நிண்டு மணிக்கூட்டைப் பாத்தனான். அடுத்த நாளே ஒளிச்சு ஒரு சாத்திரியாரிட்டைப் போனனான். சொந்தக்காறப் பிள்ளை ஒண்டுக்கு எண்டு சொல்லித்தான் குடுத்தன். அவர் கணிச்சுப் பாத்திட்டுக் கண்ணாடியைக் கழட்டி வைச்சார். "பிள்ளைக்கு ஒண்டுமில்லை. தகப்பனுக்குத்தான் கூடாது. கெதியாத் தண்ணி வார்த்துச் சாந்தி செய்யச் சொல்லுங்கோ. தள்ளிப் போட வேண்டாம்" எண்டார்.

சாந்தி எண்டால் ஐயரைக் கூப்பிட வேணும். ஐயர் வந்தால் ஊருக்குத் தெரியும். இன்னும் பத்தொன்பது கோயில் மிச்சம் கிடந்தது. நல்லூர்த் திருவிழா முடியட்டும், ஆவணியிலை செய்வம் எண்டு நினைச்சன். அவ்வளவுதான் நினைச்சன். ரண்டு மாதம். கொப்பர் மூண்டு கிழமையிலை போனார்.

அண்டையிலை இருந்து நான் என்னத்தைச் சாப்பிட்டாலும் தொண்டைக்குள்ளை அந்தச் சாத்திரியார்தான் நிக்கிறார். தெரிஞ்சுகொண்டு விட்டனான். திவசத்திலை உன்னைப் பாத்துச் சொன்னது என்னைப் பாத்துச் சொல்ல வேண்டியது. என்னைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ பக்கத்திலை நிண்டாய்.

பேந்து ஏன் திகதி கேட்டனீங்கள் எண்டு கேப்பாய். நான் கண்டது சனிக்கிழமை. வந்தது எப்ப எண்டு உனக்குத்தானே தெரியும்? ஒரு நாள் முந்தியிருந்தால் நட்சத்திரம் மாறும், சாதகமும் மாறும். நான் கொண்டுபோய்க் குடுத்த நாளே பிழை எண்டால், அந்தாள் சொன்னதும் பிழை. அப்ப நான் கொப்பரைச் சாக விடேல்லை எண்டு ஆகும். கொடிகாமத்துச் சம்பந்தம் உண்மைதான். ஆனால் அது எனக்கு ஒரு சாட்டு.

சொல்லு மோனை. சனிக்கிழமைதானோ?

அம்மா


அட்டன்
05.04.2025

அம்மா,

சனிக்கிழமை இல்லை.

புதன்கிழமை. யூன் பதின்மூன்று, காலை பத்தரை, பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்த நேரம். மூத்த பிள்ளைகள் கதைத்ததைக் கேட்டு, அது என்னவென்று எனக்குத் தெரியும். ரீச்சரிடம் சொன்னால் உங்களுக்கு ஆள் அனுப்புவார் என்பதும் தெரியும். சனிக்கிழமை அரியாலைக்குத் தொலைக்காட்சிக்காரர் படம் பிடிக்க வருகிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். நீங்கள் அந்த வெள்ளைச் சட்டைக்கு வெள்ளிச் சரிகை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் அதைப் போட வேண்டும், அம்மா. அவ்வளவுதான். மூன்று நாள் ஒளித்தேன். விடியப்புறம் கிணற்றடியில் நானே தோய்த்தேன். சனிக்கிழமைதான் பிடிபட்டேன்.

நீங்கள் என்னை அடித்து ஏற்றவில்லை. அது உண்மை. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. உங்களை முழுதாக வெறுக்க இது ஒன்றுதான் இடைஞ்சலாக இருந்தது.

திகதியை எடுத்துக்கொண்டு எந்தச் சாத்திரியாரிடமும் போங்கள். விடுதலை கிடைத்தால் நல்லது. எனக்குக் கிடைக்காது. ஏனென்று கேளுங்கள்.

அந்த மூன்று கிழமையில் பதினான்கு மேடை. மேடை முடிந்து சாமான் ஏற்றி, அப்பாதான் வான் ஓட்டுவார். வீட்டுக்கு வர மூன்று மணி. ஐந்து மணிக்கு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பு. அந்த மனிதர் எப்போது படுத்தார் என்று நீங்கள் ஒருநாளாவது பார்த்தீர்களா? நானும் பார்க்கவில்லை. கொடிகாமத்தில் மேடை முடிந்து வரும்போது என்னை முன் சீற்றில் ஏற்றினார். "குஞ்சு, அப்பாவோடை கதைச்சுக்கொண்டு வா. எனக்கு நித்திரை தூக்குது" என்றார். நான் கதைத்தேன். எதையோ கதைத்தேன். பிறகு நித்திரையாகிவிட்டேன். மதகில் வான் அடித்த சத்தத்தில்தான் முழித்தேன். என் நெற்றியில் இருக்கும் மூன்று தையலை நான் ஒவ்வொரு காலையும் பொட்டு வைக்கும்போது தொடுகிறேன்.

வானுக்குள் மூன்று பேரும் நித்திரை. பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளோடு நீங்கள், முன்னால் நான், ஓட்டிய அப்பா. கிரகமும் இல்லை, துடக்கும் இல்லை. அவர் ஒரே ஒரு வேலைதான் என்னிடம் கேட்டார். பாடச் சொல்லவில்லை, சும்மா கதைக்கச் சொன்னார்.

அந்த நாலு சொல் எனக்கு ஏன் வேண்டும் என்று இப்போது விளங்குகிறதா?

கொடிகாமத்துக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மதகைத் தாண்டி நான் ஒரு வீட்டுக்கும் மருமகளாகப் போக மாட்டேன்.

ஆரணி


சண்டிலிப்பாய்
21.04.2025

மோனை,

வருசம் பிறந்தது. நான் அடுப்பு மூட்டேல்லை.

உன்ரை திகதியைக் கொண்டு போனனான். ஏசப் போறாய், ஏசு. பழைய சாத்திரியார் செத்துப் போனார். இவர் புது ஆள், எங்களை ஆரெண்டே தெரியாது. புதன்கிழமை, காலமை பத்தரை எண்டு குடுத்தன். கனநேரம் பாத்திட்டுச் சிரிச்சார். "திறமான சாதகம் அம்மா. அதுவும் தகப்பனுக்கு நல்ல பலன், தீர்க்காயுள். எண்பது தாண்டி இருப்பார்" எண்டார். பேந்து கடுதாசியைச் சுருட்டிக்கொண்டு, "ஐயா இப்ப என்ன செய்யிறார்?" எண்டு கேட்டார்.

வெங்காயத்துக்கு இறைச்சுக்கொண்டு நிக்கிறார் எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்.

விடுதலை வரும் எண்டுதான் போனனான். வரேல்லை. பஸ்சிலை இருந்து அந்தக் கடுதாசியைக் கிழிச்சு எறிஞ்சன். கொடிகாமத்துக்கும் வேண்டாம் எண்டு சொல்லியாச்சு.

நீ எழுதினதிலை ஒரு பிழை இருக்கு. ரீச்சருக்கு நான் பிழை திருத்திற நாளும் வந்திட்டுது. அண்டைக்கு வானுக்கை நான் நித்திரை இல்லை. கொப்பர் உன்னைக் கதைக்கச் சொன்னது எனக்குக் கேட்டது. நீ கதைச்சதும் கேட்டது. பள்ளிக்கூடத்திலை ஆரோ ஒரு பெட்டையின்ரை பென்சில் பெட்டி காணாமல் போன கதை. உன்ரை குரல் கரகரத்துக்கொண்டு வந்தது. அடுத்த நாள் மானிப்பாயிலை மேடை. நான்தான் பின்னாலை இருந்து கையை நீட்டி, உன்ரை வாயைப் பொத்தினனான். "பிள்ளைக்குத் தொண்டை கட்டப் போகுது. நாளைக்குப் பாட வேணும். பேசாமல் படுக்க விடுங்கோ" எண்டு அவருக்குச் சொன்னனான். அவர் ஓம் எண்டார். பேந்து ஒண்டும் கதைக்கேல்லை. நீ அரை நித்திரையிலை இருந்தனி, உனக்கு ஞாபகம் இல்லை. இருக்கக் கூடாது எண்டு இவ்வளவு காலமும் கும்பிட்டுக்கொண்டு இருந்தனான்.

நீ நித்திரையாகேல்லை, ஆரணி. நான் உன்னை நித்திரையாக்கினனான்.

இதுக்குப் பிறகு நீ எனக்கு எழுத மாட்டாய் எண்டு தெரியும். நீ கேட்டதை எழுதியாச்சு எண்டு இருக்கட்டும்.

அப்பா செத்தது உன்னாலை இல்லை.

கொம்மா